நல்ல பிர்ச்

பன்னு ஆறிப்போறதுக்குள்ள சாப்பிட்டுடுங்க தம்பி. ஏலக்காய் காலையிலதான் இடிச்சேன். காபி இன்னும் இருக்கு, கூச்சப்படாதீங்க. அந்த மரத்துண்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க, மேஜைவிரிப்புல மரத்தூள் ஏறிடுச்சுன்னா லேசுல போகாது. ஆமா, அங்கதான், மீன் ஜாடிக்குப் பக்கத்துல.

நகராட்சியில மரம் பாக்குறதுக்குன்னே ஒரு ஆள் இருக்கார்ங்கிறது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நல்ல வேலை. நீங்க கேட்ட கேள்வியையும் மரியாதையாத்தான் கேட்டீங்க. பக்கத்து வீட்டு பிர்ச் மரம் ஏன் செத்துச்சு, ஏதாவது தெரியுமாம்மான்னு. தெரியும். எல்லாமே தெரியும். ஆனா முதல்ல இருந்து வரிசையா சொன்னாத்தான் அதுல இருக்குற நியாயம் புரியும். நடுவுல இருந்து ஆரம்பிச்சா நான் ஏதோ கெட்டவ மாதிரித் தெரிவேன்.

என் பேரு இர்மெலி. முப்பத்தி நாலு வருஷம் பல் செட்டு செய்யுற வேலை. இந்த ஏரியைச் சுத்தி இருக்குற ஊர்கள்ல சிரிக்கிறவங்கள்ல பாதிப் பேர் என் பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறாங்க. மீதிப் பேர் சிரிக்கிற வழக்கம் இல்லாதவங்க. வெளிய விறகு அடுக்குற மாதிரி நடிச்சுக்கிட்டு காதை இந்த ஜன்னல் பக்கமா வெச்சிருக்காரே, அவர்தான் என் வீட்டுக்காரர் கௌகோ. அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மீனைத் தின்னது மட்டும்தான் அவர் செஞ்ச உதவி.

தோட்டத்துக் கோடியில எங்க சவுனாக் குடிலைப் பாத்திருப்பீங்க. சனிக்கிழமை சாயங்காலம் உள்ள சூட்டு ஆவியில நல்லா வெந்துட்டு, துண்டைச் சுத்திக்கிட்டு வெளிப்படியில வந்து உக்காருவோம். ஆளுக்கொரு சாசேஜ், கொஞ்சம் கடுகு விழுது, அவருக்கு ஒரு பீர். அப்போ பக்கத்து வீட்டு டோர்ஸ்தியோட கூரையைத் தாண்டி, அதுக்கும் காட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி வழியா சூரியன் இந்தப் பக்கம் வரும். ஏழு மணிக்கு வரும், ஏழு நாப்பதுக்குக் காட்டுக்குப் பின்னால போயிடும். அந்த நாப்பது நிமிஷம் ஈர முழங்கால்ல வெயில் படும். இந்த வீட்டை நாங்க வாங்கினதே அந்தப் படிக்காகத்தான். அடுப்பங்கரை சின்னது, கூரை ஒழுகுச்சு, அதெல்லாம் நான் பாக்கவே இல்ல. வருஷத்துல பாதி இருட்டுலயும் பனியிலயும் கெடக்குறவளுக்கு நாப்பது நிமிஷ வெயில் என்னன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

அந்த இடைவெளியிலதான் டோர்ஸ்தியோட பிர்ச் நின்னுச்சு. நாங்க குடிவந்தப்போ வேலி உயரம், ஒல்லியா, பென்சில் மாதிரி. அது யாருக்கும் தொந்தரவு இல்ல. ஆனா பிர்ச் வளரும் தம்பி, அதை உங்களுக்குச் சொல்லணுமா. அஞ்சு வருஷத்துல வெயில் முப்பத்தி ஆறு நிமிஷம் ஆச்சு. அப்புறம் முப்பது. மத்தவங்க கதவுநிலையில புள்ளைங்க உயரத்தைக் குறிச்சு வைப்பாங்க. நான் சவுனாக் கதவுல நிமிஷத்தைக் குறிச்சேன். பென்சில் கோடு இன்னும் இருக்கு, போறப்போ பாருங்க. கடைசிக் கோடு பதினொண்ணு. பதினோரு நிமிஷத்துல சாசேஜ்கூட முடியாது.

டோர்ஸ்திகிட்ட வெட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாமேங்கிறீங்களா. நீங்க எந்த ஊரு? தலைநகர் பக்கமா. அதான்.

இந்தத் தெருவுல அப்படியெல்லாம் போய்க் கேக்க முடியாது. டோர்ஸ்தி தனி ஆளு, ரயில்வேயில இருந்து ஓய்வு பெத்தவர், தங்கமான மனுஷன். இருபத்திரெண்டு வருஷமா பக்கத்துல இருக்கோம், அவரோட நான் பேசின பேச்சு அத்தனையும் ஒரு தபால் கார்டுல எழுதிடலாம். நாங்க குடிவந்த அன்னைக்கு அவர் அந்த மரத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டோம், இனி ஒண்ணும் பேசாம உள்ள போக முடியாது. எனக்கு வேர்த்துப் போச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம, "நல்ல பிர்ச்"னு சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம் "ம்"னார். ரெண்டு பேரும் நிம்மதியா உள்ள போயிட்டோம்.

அப்படி நானே வாயைத் திறந்து நல்ல மரம்னு சொல்லிட்டு, பின்னால போய் அதையே வெட்டுங்கன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது. கௌகோ சீண்டிக்கிட்டே இருப்பார். "ஏன்டி, இருபதடி தூரம், ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வாயேன்"பார். "நீங்க போங்களேன்"னா, "எனக்கென்ன, நிழல்ல பீர் சூடாகாம இருக்கு"ன்னுடுவார். அப்போ யோசிச்சேன். ஒருத்தர் மனசும் நோகக்கூடாது, வெயிலும் வேணும். ரெண்டுக்கும் பொதுவா ஒரு வழி இருக்கணும்னு நூலகத்துக்குப் போனேன்.

அங்க வீட்டுத் தோட்டத்துல பிர்ச் வளர்க்கிறது எப்படின்னு ஒரு புத்தகம். அழகான படங்களோட. பொறுமையா எழுதியிருந்தாங்க, அந்த எழுதினவங்க மேல எனக்கு இன்னைக்கும் மரியாதை உண்டு. அதுல ஒவ்வொரு அத்தியாயத்துலயும் கடைசியில ஒரு கட்டம் போட்டு, செய்யக் கூடாதவைன்னு பட்டியல் குடுத்திருந்தாங்க. நான் அந்தக் கட்டங்களை மட்டும் படிச்சேன்.

முதல் கட்டம், பிர்ச்சோட வேர் மேலாகவே ஓடும், மூடாக்கை எடுத்துட்டு வெயில்ல காயவிடாதீங்கன்னு. ஜூன்ல டோர்ஸ்தி ரெண்டு வாரம் நார்வேக்கு மீன்பிடிக்கப் போவார். போறப்போ சாவியை எங்க தபால்பெட்டியில போட்டுட்டுப் போவார், கூடவே ஒரு சீட்டு, "பூச்செடி. நன்றி."ன்னு. நம்பிக் குடுத்துட்டுப் போற மனுஷன், அதனால பூச்செடிக்கு ஒரு நாள்கூட நான் தண்ணி ஊத்தாம விட்டதில்ல. மரத்தடியில கெடந்த சருகு, மரப்பட்டை எல்லாத்தையும் மட்டும் கூட்டி அள்ளிட்டேன். அந்த ரெண்டு வாரத்துல பதிமூணு நாள் மழை.

அடுத்த வருஷம் அடுத்த கட்டம். வேர் மேல மண்ணைக் குவிக்காதீங்கன்னு இருந்துச்சு. எங்க வீட்டு மக்கின குப்பை, மண்ணு எல்லாம் எட்டு தள்ளுவண்டி கொண்டுபோய்க் குவிச்சேன். இடுப்பு போச்சு. அந்தக் கோடையில மரம் ஒரு மீட்டர் வளந்துச்சு. இலையெல்லாம் பச்சைப் பசேல்னு. கௌகோ படியில உக்காந்து அண்ணாந்து பாத்துட்டு, "உன் கைராசியே ராசிடி. நம்ம உருளைக்கிழங்கையும் கொஞ்சம் இதே மாதிரி வெறுத்துப் பாரேன்"னார். எனக்கு வந்த கோபத்துல அன்னைக்கு அவருக்கு சாசேஜ் குடுக்கல.

மூணாவது கட்டத்துல, வசந்தத்துல சாறு ஏறுற நேரத்துல மரத்தைக் காயப்படுத்தாதீங்க, சாறு நிக்காம ஒழுகும்னு போட்டிருந்துச்சு. ஏப்ரல்ல டோர்ஸ்தி முதுகுவலி வைத்தியத்துக்கு ஒரு வாரம் போவார். சாவி நம்மகிட்ட. காயப்படுத்தினேன். நிஜமாவே ஒழுகுச்சு தம்பி, புத்தகம் பொய் சொல்லல. ஆறு நாள்ல நாலு வாளி. பிர்ச் சாறைக் கீழ கொட்டுறதுக்கு எனக்கு மனசு வரல, எங்க வீட்டுல எதையும் வீணாக்குற பழக்கம் கிடையாது. எலுமிச்சை, திராட்சை எல்லாம் போட்டு பாட்டில்ல அடைச்சு, டோர்ஸ்தி வந்ததும் ரெண்டு பாட்டிலை அவர் வாசப்படியில வெச்சேன். ஒரு வாரம் கழிச்சுக் கழுவின பாட்டிலும், தாள்ல சுத்தின புகைபோட்ட மீனும் எங்க படியில இருந்துச்சு. சீட்டுல, "ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் குடுக்க வேண்டியதாப் போச்சு. தன் மரத்தைத்தான் குடிக்கிறோம்னு அவருக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் சந்தோஷம்தானே.

நடுக்கோடைத் திருநாளுக்கு எல்லார் வீட்டுலயும் பிர்ச் கிளையை இலையோட கட்டி, ரத்தம் நல்லா ஓடட்டும்னு சவுனாவுல முதுகுல அடிச்சுக்குவோம். அதுக்கும் அவர் மரத்துல இருந்தேதான் வெட்டுவேன், எங்க பக்கம் நீட்டிக்கிட்டிருந்த கிளைங்க, தப்பில்ல. அதுல ரெண்டு கட்டு அவருக்கும் கட்டிக் குடுப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் சவுனாவுல இருந்து அடிச்சுக்கிற சத்தம் கேக்கும், பட்டு பட்டுன்னு. கூடவே தும்மல். அந்த மனுஷனுக்கு வசந்தம் வந்தாப் போதும், கோடை முடியுறவரைக்கும் ஜலதோஷம். பாவம், மூக்கு எப்பவும் பீட்ரூட் மாதிரி சிவந்துதான் இருக்கும். தனி ஆளு, உடம்பைப் பாத்துக்க யாரும் இல்லன்னு எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும்.

மரம் மட்டும் சாகல. சூரியன் பதினோரு நிமிஷத்துல நின்னப்போதான், நான் புத்தகத்தை மூடிட்டு எனக்குத் தெரிஞ்ச தொழிலுக்கு வந்தேன்.

வேலையில இருந்து நின்ன அன்னைக்கு எனக்கு ஒரு துளைக்கிற எந்திரம் பரிசாக் குடுத்தாங்க, கைக்கு அடக்கமா, சத்தமே இல்லாம. அதுல தொடங்கி, பெரிய துளைக்கு கௌகோவோடதையும் சேத்துக்கிட்டேன். எட்டு மில்லிமீட்டர், தண்டைச் சுத்தி ஒரே மட்டத்துல பதினாலு துளை. உங்க மரத்துண்டுல எண்ணிப் பாருங்க. இப்படி ஒழுங்கா ஓட்டை போடுற வண்டு எதுன்னு நீங்க அரைமணி நேரமா யோசிச்சுக்கிட்டிருந்தீங்க, எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. பதினாலு எதுக்குன்னா, ஞானப்பல்லை விட்டுட்டா ஒரு தாடைக்குப் பதினாலு பல்லு. எனக்குக் கை அப்படித்தான் பழகியிருக்கு.

துளைக்குள்ள உப்பு மீன் ஜாடித் தண்ணி. வேற விஷம் கிஷம் எதையும் நான் தொடமாட்டேன், நம்ம ஏரியில கலந்துடும். கௌகோ தினம் ஒரு ஜாடி காலி பண்ணுவார், தண்ணி சும்மா போகுது. ஊத்திட்டு, பல்லு அடைக்கிற பசையால மூடினேன். வெறும் வெள்ளைன்னு நினைக்காதீங்க. பிர்ச் பட்டையில ஏழு வெள்ளை இருக்கு. பல் நிறம் பாக்குற அட்டையைத் தண்டுமேல வெச்சு வெச்சுப் பாத்துக் கலந்தேன், நடுவுல அந்தக் கறுப்புக் கோட்டையும் மெல்லிசு தூரிகையால இழுத்து விட்டேன். உங்க விரல் தடவினப்போகூடத் தெரியல. அறுத்த பிறகுதான் தெரிஞ்சிருக்கு. என் வாழ்க்கையில நான் செஞ்ச நல்ல வேலைங்கள்ல அது ஒண்ணு, யாருக்கும் காட்ட முடியலங்கிறதுதான் குறை.

பூனைங்களை நான் எதிர்பாக்கல. தெருவுல இருக்குற அஞ்சு பூனையும் வந்து மரத்தைச் சுத்தி உக்காந்து, ஏதோ பிரசங்கம் கேக்குற மாதிரி தண்டையே பாத்துக்கிட்டிருக்கும். நக்கவும் செய்யும். டோர்ஸ்தி அதைப் பாத்துட்டு மரத்துல பறவை கூடு கட்டியிருக்கு போலன்னு நினைச்சு, ஏணி வெச்சு ஏறி ஒரு கூட்டுப்பெட்டி மாட்டினார். ஒரு நாள் நான் பூனை நக்கின கறையை ஈரத் துணியால துடைச்சுக்கிட்டிருந்தப்போ, நார்வேயில இருந்து ரெண்டு நாள் முன்னாடியே வந்து நின்னுட்டார். எனக்கு உசுரே இல்ல. "வெள்ளையா இருக்கட்டும்னு..."ன்னேன். அவர் துணியைப் பாத்தார், மரத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார். தொப்பியைத் தொட்டுட்டு, மூக்கைச் சிந்திக்கிட்டே உள்ள போயிட்டார்.

போன வருஷம் ஜூலையிலயே இலை மஞ்சளாச்சு. ஒரு சனிக்கிழமை நாங்க படியில உக்காந்திருக்கோம், உச்சியில இலை உதிர்ந்து நடுவுல ஓட்டை விழுந்து, இருபத்தி மூணு நிமிஷம் வெயில் வந்துச்சு. எத்தனை வருஷம் கழிச்சு. எனக்குச் சந்தோஷத்துல கண்ணுல தண்ணி கொட்டுது. அந்த நேரம் பாத்து டோர்ஸ்தி வேலிக்கு வந்தார், தொப்பியைக் கையில எடுத்துக்கிட்டு. "இர்மெலி"ன்னார். அவர் என் பேரைச் சொல்லி அன்னைக்குத்தான் கேட்டேன். "மரம் பொழைக்காது போலிருக்கு. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு தோணுச்சு." என் கண்ணையே பாத்துட்டு நின்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கௌகோ துண்டுக்குள்ள மூஞ்சியைப் பொத்திக்கிட்டார், அவர் சிரிக்கிறது எனக்குத் தெரியும், டோர்ஸ்திக்கு அழற மாதிரித் தெரிஞ்சிருக்கு.

இலையுதிர்காலத்துல அவரே மரத்தை வெட்டினார். இந்த ஜூன் முதல் சனிக்கிழமை, ஏழு மணிக்கு வந்த சூரியன் ஏழு நாப்பதுவரைக்கும் நின்னுச்சு. முழுசா நாப்பது நிமிஷம் தம்பி. நான் சாசேஜைக்கூடத் தொடல. இனி செத்தாலும் பரவாயில்லன்னு இருந்துச்சு.

திங்கக்கிழமை காலையில டோர்ஸ்தி வீட்டு வாசல்ல ஒரு வண்டி வந்து நின்னுச்சு. ஒன்பது கன்னு. அத்தனையும் பிர்ச். நம்ம வேலி ஓரமா, அந்த இடைவெளி முழுக்க, கயிறு கட்டி நேர்க்கோட்டுல குழி தோண்டிக்கிட்டிருக்கார். மூக்கு சிவந்திருக்கு. நான் வெளிய வந்ததும் மண்வெட்டியைச் சாய்ச்சு வெச்சுட்டு, தொப்பியை எடுத்துட்டுப் பேசினார். இவ்வளவு பேச அவருக்கு வரும்னே எனக்குத் தெரியாது.

"உங்களுக்காகத்தான் இர்மெலி. எனக்கு பிர்ச் ஆகாது. அதோட பூந்தூள் பட்டாலே தும்மல். இருபத்திரெண்டு வருஷமா ஒவ்வொரு வசந்தமும் வெட்டிப்புடணும்னு கோடாலி எடுப்பேன். வெளிய வந்து பாத்தா நீங்க அந்த ஜன்னல்ல நிப்பீங்க, கையில பிர்ச் புத்தகத்தோட, மரத்தையே பாத்துக்கிட்டு. எரு போட்டீங்க. குழந்தை மாதிரி துடைச்சு விட்டீங்க. வந்த முதல் நாளே நல்ல பிர்ச்னு சொன்னீங்க. எனக்கு இந்தத் தெருவுல யாரும் அவ்வளவு நல்லதா ஒண்ணும் சொன்னதில்ல. எப்படிம்மா வெட்டுறது. சரி, தும்மிட்டுப் போவோம்னு விட்டுட்டேன். நீங்க அழுததைப் பாத்தப்புறம் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இது சீக்கிரம் வளர்ற ரகம்னு சொன்னாங்க."

ஒன்பது கன்னும் என் தோள் உயரம் இருந்துச்சு. இருபத்திரெண்டு வருஷம் அந்த மனுஷன் எனக்காகத் தும்மியிருக்கார். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே கோடாலியோட வந்திருப்பார், நன்றியும் சொல்லியிருப்பார். இப்போவாவது சொல்லிடணும்னு வாயைத் திறந்தேன். சத்தியமா சொல்றேன், சொல்லத்தான் திறந்தேன்.

"நல்ல பிர்ச்"னு சொன்னேன்.

பின்னால விறகுக் குவியல் சரியுற சத்தம் கேட்டுச்சு. கௌகோ சிரிச்சு விழுந்திருக்கார்.

அதுக்கப்புறம்தான் டோர்ஸ்தி உங்களைக் கூப்பிட்டிருக்கார், பழைய மரத்துக்கு வந்த நோய் இந்தக் கன்னுங்களுக்கும் வந்துடக் கூடாதேன்னு. அப்படித்தான் நீங்க அடிமரத்துல ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கிட்டு என் மேஜைக்கு வந்திருக்கீங்க. நோய் ஒண்ணும் இல்ல தம்பி. நான்தான். அந்த மரத்தை நான்தான் கொன்னேன், அவர் நம்பிக் குடுத்த சாவியை வெச்சுக்கிட்டு, எட்டு வருஷமா, அவருக்கே அதைக் குடிக்கக் குடுத்துக்கிட்டு. எழுதிக்கோங்க. எங்க வேணும்னாலும் கையெழுத்து போடுறேன்.

பதிலுக்கு நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். உங்க அறிக்கையில ஒரு வரி. இந்த மண்ணுல நோய் இருக்கு, முப்பது வருஷத்துக்கு இங்க பிர்ச் நடக்கூடாதுன்னு. நகராட்சி முத்திரையைப் பாத்தா அவர் மறுபேச்சு பேசமாட்டார், உடனே பிடுங்கிடுவார். அவருக்கும் தும்மல் நிக்கும், எனக்கும் வெயில் கெடைக்கும். யாரும் யாரோடயும் பேசவே வேண்டாம்.

பொய் எழுத மாட்டீங்களா. சரி, அது உங்க நேர்மை, மதிக்கிறேன். நானே போய்ச் சொல்லணுமா. இருபதடிதானா. இருபதடின்னு நீங்களும் சொல்றீங்க.

தம்பி, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுங்க, கோட்டை மாட்டிக்கிட்டு இப்பவே வர்றேன். பேப்பர்ல போட்டோவோட போடுங்க, பொறுத்துக்கிறேன். ஆனா ஒரு மனுஷன் ஆசையா நட்டுக்கிட்டிருக்கான், அவன் முகத்துக்கு நேராப் போய் உங்க மரம் எனக்கு வேண்டாம்னு சொல்றதா? அவ்வளவு கல்நெஞ்சு எனக்குக் கிடையாது. இத்தனை வருஷத்துல நான் ஒருத்தர் மனசையும் நோகடிச்சதில்ல, இந்தத் தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அதோ, கையாட்டுறார் பாருங்க. நீங்களும் ஆட்டுங்க, பாவம்.

கெளம்பிட்டீங்களா. ரெண்டு பன்னு தாள்ல சுத்தித் தரேன், வழியில சாப்பிடுங்க. ஐயோ, மேஜையெல்லாம் நீங்க எதுக்குத் துடைக்கிறீங்க, விடுங்க. அந்த ஜாடியைத் தொட்டியில கவுத்துடாதீங்க தம்பி, மீனு காலியாகட்டும், தண்ணி எனக்கு வேணும்.